அவசரம் யாருடையது? புதிதாக முடிவெடுக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு நெல்லை வழிகாட்டி

படிப்பு முடிந்து வேலைக்குப் போய் இரண்டு மூன்று சம்பளம் வங்கியில் விழுந்ததும், அதுவரை நம்மைக் கண்டுகொள்ளாத ஒரு கூட்டம் தேடி வர ஆரம்பிக்கும். மனை விற்பவர், பாலிசி போடச் சொல்பவர், சீட்டுக்கு ஆள் சேர்ப்பவர், 'லோன் சாங்ஷன் ஆயிட்டு' என்று போனில் பேசுபவர். விற்கிற சரக்கு வேறு வேறு. கையில் வைத்திருக்கும் கருவி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான், கடிகாரம். 'இன்னைக்கு மட்டும்', 'சாயங்காலத்துக்குள்ள', 'இன்னும் ரெண்டே ரெண்டுதான் இருக்கு.'

யாரும் விற்க வராமலேயே ஓடுகிற கடிகாரங்களும் உண்டு. ஆற்றில் தண்ணீர் ஏறும். வீட்டில் பெரியவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணும். தேர்வறையில் மணி அடிக்கும்.

என் தங்கை மகன் சமீபத்தில்தான் பாளையங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்தான். "மாமா, எதுக்கு அவசரப்படணும், எதுக்குப் பைய போகணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். படிகளை வரிசையாகப் படித்தால் நல்லது. ஆனால் நாலாவது படிக்கு மட்டும் கையில் தாளும் பேனாவும் வேண்டும்.

முதல் படி: அவசரம் என்ன செய்கிறது என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

ஒரு துண்டுத்தாளில் 1 × 2 × 3 × 4 × 5 × 6 × 7 × 8 என்று எழுதுங்கள். இன்னொன்றில் அதையே திருப்பி 8 × 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 என்று எழுதுங்கள். வீட்டில் இரண்டு பேரைத் தனித்தனியே கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு தாளைக் காட்டி, ஐந்து விநாடிக்குள் விடையை உத்தேசமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் பள்ளி மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்து 1974இல் எழுதினார்கள். ஒன்றில் தொடங்கும் வரிசையைப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடுமதிப்பு 512. எட்டில் தொடங்கும் வரிசையைப் பார்த்தவர்களுடையது 2,250. சரியான விடை 40,320.

இரண்டு தாளிலும் கணக்கு ஒன்றுதான். நேரம் இல்லாததால் முதல் இரண்டு மூன்று எண்ணைப் பெருக்கிவிட்டு மீதியைக் குத்துமதிப்பாகத் தாவுகிறோம். முதலில் கண்ணில் பட்டது சின்ன எண் என்றால் விடையும் சின்னதாகிவிடுகிறது. மனை விற்பவர் "சென்ட் நாலு லட்சம், இன்னைக்கு மட்டும் மூணு" என்று ஏன் சொல்கிறார் என்பது இப்போது விளங்கும். நாலு என்ற எண் முதலில் காதில் விழுந்துவிட்டால் மூணு மலிவு. பக்கத்து மனை ஒன்றரைக்குப் போயிற்றா என்று விசாரிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் அவர் தர மாட்டார்.

இன்னொரு சோதனை கொஞ்சம் சங்கடமானது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் செய்து 1973இல் வெளியிட்டது. பிற்காலத்தில் பாதிரியாராகப் போகிறவர்கள் அந்த மாணவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். வழியில் ஒரு ஆள் வாசற்படியில் சுருண்டு கிடந்து முனகுகிறார். 'நேரம் நிறைய இருக்கிறது' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். 'சரியான நேரம்தான்' என்றவர்களில் 45 சதவீதம். 'ஏற்கெனவே தாமதம், ஓடு' என்று அனுப்பியவர்களில் 10 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பாதிப் பேர் பேசப் போனதே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதையைப் பற்றி. 40 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காலை ஒன்பதரைக்குச் சுலோச்சன முதலியார் பாலத்தில் பைக்கை முறுக்கிக்கொண்டு போகிற எவருக்கும் இது புரியும். அந்த மாணவர்கள் கெட்டவர்கள் இல்லை. கடிவாளம் போட்ட குதிரைக்கு நேரே மட்டும்தான் தெரியும்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான். அண்டாவின் வாய் சுருங்கிவிடுவதில்லையே.

இரண்டாம் படி: கடிகாரம் யார் கையில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள்

இதற்கு என் கதையையே சொல்கிறேன். பத்து வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜங்ஷனிலிருந்து இலவச வேன். வழியில் டிபன், மத்தியானம் பிரியாணி. நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே, முள்ளுக்காட்டை அழித்துக் கல் நட்டுக் கலர்க் கொடி கட்டியிருந்தார்கள். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பையன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணாச்சி, கார்னர் பிளாட் ஒண்ணுதான் இருக்கு. திருச்செந்தூர்லருந்து ஒரு பார்ட்டி வந்துட்டே இருக்காவ. அஞ்சரைக்குள்ள அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு" என்றான். 25,000 ரூபாய் கொடுத்தேன். அடுத்த வாரம் பட்டாவை எடுத்துப் பார்த்தால், மனைக்குப் போகும் பாதை வேறொருவர் பட்டா நிலத்தில் இருக்கிறது. பணத்துக்காக மூன்று மாதம் நடந்தேன். பிறகு நடப்பதை விட்டுவிட்டேன். திருச்செந்தூர் பார்ட்டி இன்றுவரை வந்து சேரவில்லை.

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. நான் நாளைக்குக் காலையில் வந்தால் எனக்கு என்ன கெட்டுப்போகும்?

இந்தக் கேள்விக்கு தண்ணீரோ உடம்போ ரயிலோ பதில் சொன்னால் அது நிஜக் கடிகாரம். ஒரு மனிதர் பதில் சொன்னால், அதுவும் விற்கிறவரே சொன்னால், அது அவர் கட்டிவிட்ட கடிகாரம். கட்டியவருக்குக் கழற்றவும் தெரியும். 'நாளைக்கு வாரேன்' என்று எழுந்து நடந்து பாருங்கள், பத்தடி தள்ளி அவரே கழற்றிவிடுவார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது, அதைக் காலண்டர் கட்டியிருக்கும். ஆனி பாதி கழிந்ததும் பெண் பார்க்கிற வீடுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். "ஆடி பொறக்கதுக்குள்ள முடிச்சிருவோம், விட்டா ஆவணிதான்." சரி, ஆவணிதான். அதனால் என்ன? ஒரு மாதம்தானே. என்னைக் கேட்டால் இதையும் மனிதர் கட்டிய கடிகாரத்தோடுதான் சேர்ப்பேன். வீட்டில் ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்து கல்யாணத்தைப் பார்த்துவிட ஆசைப்படுகிறார் என்றால் கதை வேறு, அங்கே நிஜக் கடிகாரமும் சேர்ந்து ஓடுகிறது. அப்போது கல்யாண நாளை முன்னே இழுக்கலாம். பையனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பதை மட்டும் விடக்கூடாது.

மூன்றாம் படி: மனிதர் கட்டிய கடிகாரம் என்றால் அவகாசம் வாங்குங்கள்

சொல்வது எளிது. செய்யவிடாமல் தடுப்பது தாட்சண்யம். காலையிலிருந்து 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று கூடவே நடந்தவன், கலர் வாங்கிக் கொடுத்தவன், அவன் முகத்துக்கு நேரே எப்படி 'வேண்டாம்' என்று சொல்வது? நம் பக்கத்து ஆட்களிடம் அவசரம் பலிப்பதே இந்த வழியாகத்தான். யோசித்து மறுக்க நேரம் இல்லாதபோது, மறுக்காமல் இருப்பது மரியாதையாகத் தெரிகிறது.

அதனால் மறுக்க வேண்டாம், தள்ளிப்போடுங்கள். அதற்கான வார்த்தைகளை முன்கூட்டியே வாயில் வைத்திருங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் வராது.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"எங்க மாமா ஊருக்குப் போயிருக்காவ. அவுக பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல."

"எல்லாத்தையும் வாட்ஸ்அப்புல எழுதி அனுப்புங்க. பாத்துட்டுக் கூப்பிடுதேன்."

மூன்றில் கடைசியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். நேர்மையான ஆள் எழுதி அனுப்பிவிடுவார். மற்றவர் அதன் பிறகு கூப்பிட மாட்டார்.

பஞ்சாங்கமும் கைகொடுக்கும். தினமும் ஒன்றரை மணி நேரம் ராகு காலம் உண்டு, அந்த நேரத்தில் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் எந்தப் புரோக்கரும் கோபிக்க மாட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு. எங்கள் ஆச்சி அன்றைக்கு அந்த வேனில் வந்திருந்தால் என் 25,000 ரூபாய் தப்பித்திருக்கும்.

அலுவலகத்தில் மேலதிகாரி "உடனே சொல்லு" என்றால் ராகு காலம் எடுபடாது. அங்கே கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்குள்ள வேணும் சார்?" பல நேரம் 'உடனே' என்பது சாயங்காலம் நாலு மணியாக இருக்கும். அவரும் அதுவரை யோசித்திருக்க மாட்டார்.

வாங்கிய அவகாசத்தை வீணாக்கக் கூடாது. மனை என்றால் வில்லங்கச் சான்று (அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா, தாய்ப்பத்திரம் (இடம் முன்பு கைமாறி வந்த பழைய பத்திரம்), மனைப்பிரிவு அங்கீகாரம் இத்தனையும் பார்க்க வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும், பட்டாவையும் நில வரைபடத்தையும் தமிழ்நாடு அரசின் நிலச் சேவைகள் தளத்திலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. 'இன்னைக்கே பாதிப் பணம்' என்கிறவரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

போன் திருடர்களுக்கு இங்கே தனி இடம் கொடுத்தாக வேண்டும். வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் ஒருவர் வருவார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்களை 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம், போனை வைக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, கணக்கைச் சரிபார்க்க உடனே பணத்தை மாற்று என்பார். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்லி, நில், யோசி, பிறகு செய் என்று எச்சரித்தார். இந்தக் கும்பலின் திறமை எதில் இருக்கிறது என்று பாருங்கள். அவசரப்படுத்துவதோடு நிற்காமல், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்ற நம் கதவையும் சேர்த்து அடைக்கிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால், அந்த நிமிஷமே போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடமாவது சொல்லுங்கள்.

ஆனால் பணம் போய்விட்டது என்றால் எல்லாம் தலைகீழ். அந்த நொடியிலிருந்து ஓடுவது நிஜக் கடிகாரம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போட வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எடுத்துவிடுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழி. 'நாளைக்கு பேங்க் திறந்ததும் போவோம்' என்று வெட்கத்தில் படுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

நான்காம் படி: நிஜக் கடிகாரத்துக்கான முடிவை இன்றைக்கே எடுத்து வையுங்கள்

தாமிரபரணிக்கு நடுவே பாறைமேல் இருக்கிறது குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றில் வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரையும் பூஜைச் சாமான்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் இருந்த இடத்திலேயே இருப்பார், தண்ணீர் அவரை மூடிக்கொண்டு போகும். எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே வைப்பது என்ற பேச்சே அன்றைக்கு எழாது. அது எப்போதோ பேசி முடிந்த விஷயம்.

நம் வீடுகளில் அப்படி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, மீனாட்சிபுரத்தில் எங்கள் உறவினர் வீட்டில் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு டிவியை முதலில் ஏற்றுவதா, பிரிட்ஜை ஏற்றுவதா என்று அத்தானும் மதினியும் சண்டை போட்டிருக்கிறார்கள். பத்திரங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை. பதற்றம் வந்த பிறகு கண்ணில் படுவதுதான் பெரிதாகத் தெரியும். பீரோவுக்குள் இருப்பது தெரியாது.

இப்போது தாளை எடுங்கள். ஒவ்வொன்றையும் 'இது நடந்தால், இதைச் செய்வேன்' என்ற வடிவத்தில் எழுத வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த வடிவத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். 'ஜாக்கிரதையாக இருப்பேன்' என்று எழுதினால் அது நடப்பதில்லை. இன்ன நேரத்தில் இன்னது என்று கட்டி வைத்தால் யோசிக்காமலே கை அதைச் செய்துவிடும்.

வெள்ளம்: பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இரண்டும் நிரம்பும் தறுவாயில் இருக்கும்போது உபரிநீர் திறப்பு என்ற செய்தி வந்தால், அன்றைக்கே ஆச்சியும் பத்திரப் பையும் மேட்டுத் தெருவிலுள்ள இன்னார் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த இன்னாரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். டிவி போனால் போகட்டும்.

பக்கவாதம்: முகம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் 108. ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் என்றால் பாளையங்கோட்டை வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 'கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாயிரும்' என்று சொல்லிவிட்டு, பிறகு எந்த ஆஸ்பத்திரி என்று மூன்று மருமகன்கள் திண்ணையில் பேசி முடிப்பதற்குள் மீதி நேரம் போய்விடும். இரவு பகல் எப்போதும் ஸ்கேன் எடுக்கிற ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்துப் பெயரை எழுதுங்கள். காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டாக்டர் முதலில் கேட்பார், அதனால் பக்கத்தில் ஒரு பேனா.

பாம்புக்கடி: இறுக்கிக் கட்டுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு. வயல்காட்டு வீடு என்றால் அந்தப் பெயரும் தாளில் இருக்க வேண்டும்.

தாளை அடுக்களைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பீரோவுக்குள் வைத்தால் அதுவும் பத்திரத்தோடு நனையும்.

இதே முறை சின்ன விஷயங்களுக்கும் செல்லும். பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்ப தட்கல் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயணத்துக்கு முந்தைய நாள், ஏ.சி. வகுப்புக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. திறந்ததும் இடம் பறந்துவிடும். நெல்லை எக்ஸ்பிரஸ் கிடைக்காவிட்டால் கன்னியாகுமரியா, அனந்தபுரியா, இல்லை ஒரு நாள் லீவு சொல்லிவிடுவதா என்று பதினொன்று அடித்து ஒரு நிமிஷத்தில் யோசித்தால் எதுவும் நடக்காது. பத்தே முக்காலுக்கே முடிவாகியிருக்க வேண்டும். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதையும் அப்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நேரம் உண்மையிலேயே கொஞ்சம்தான் என்றால், முதலில் நேரத்தைப் பிரியுங்கள்

பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது, ஆகவே இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, மூன்று மணி நேரம். வகுத்தால் கேள்விக்கு 54 விநாடி. ஆனால் அப்படிச் சமமாகச் செலவழிப்பவர் தோற்பார். முதல் சுற்றில் பார்த்ததும் தெரிகிற கேள்விகள், இரண்டாவதில் கணக்கு, மூன்றாவதில் மீதி. ஒரு கேள்வியில் சிக்கி மூன்று நிமிஷம் ஆகிவிட்டால், 'இவ்வளவு நேரம் போட்டாச்சே' என்ற எண்ணமே மேலும் இரண்டு நிமிஷத்தை விழுங்கும். எந்தக் கட்டத்தில் கேள்வியை விட்டுவிட்டு நகர வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். தெரியாததை என்ன செய்வது என்பதும் அப்படியே. குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. நீட் தேர்வில் சரியென்றால் நாலு, தவறென்றால் ஒன்று போகும். ஆகவே இரண்டுக்கும் ஒரே துணிச்சல் சரிப்படாது.

ஆறாம் படி: நிறுத்தி வைப்பதும் முடிவுதான்

அவசரத்தில் 'ஏதாவது செய்' என்ற சத்தம் தலைக்குள் கேட்கும். அதே 2023 வெள்ளத்தில், டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் போக விடாமல் அங்கேயே நிறுத்தினார்கள். கொட்டும் மழையில், ஏன் கிளம்பவில்லை என்ற கேள்விகளுக்கு நடுவே, நிறுத்தி வைப்பது லேசான காரியம் இல்லை. முன்னால் செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. பயணிகள் இரண்டு நாள் சாப்பாட்டுக்குத் திண்டாடினார்கள் என்பதும் உண்மை. ஆனால் வெறும் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பார்த்தவர்கள் மறுபேச்சு பேசவில்லை.

ஏழாம் படி: 'மனசுக்குத் தோணுது' என்பதை எப்போது நம்பலாம்

ஒரு செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய் நின்று பாருங்கள். எனக்குத் தெரிந்த கறிக்கடை பாய் ஒருவருடன் நான் போயிருக்கிறேன். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், முதுகைக் கையால் அமுக்கினார், லேசாகத் தூக்கிப் பார்த்தார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. "பன்னெண்டு கிலோ நிக்கும்" என்றார். எப்படி என்று கேட்டேன். "தெரியும்லா" என்பதற்கு மேல் அவருக்கே விளக்கத் தெரியவில்லை.

கேரி கிளைன் என்ற ஆய்வாளர் 1980களில் அமெரிக்கத் தீயணைப்புப் படைத் தலைவர்களிடம் இதைத்தான் கண்டார். எரிகிற கட்டடத்தின் முன்னால் அவர்கள் நாலு வழியை வைத்து ஒப்பிடுவதில்லை. பார்த்ததும் 'இது இன்ன மாதிரித் தீ' என்று பிடிபடுகிறது, முதலில் தோன்றும் வழி சரிப்படுமா என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். உள்ளுணர்வை எளிதில் நம்பாத கானமனும், அதை மெச்சிய கிளைனும் பல வருஷம் விவாதித்துவிட்டு 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் இதுதான்: அந்தத் தொழிலில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ள ஆளுக்குப் போதிய வாய்ப்பும் கிடைத்திருக்க வேண்டும்.

பாய்க்கு இரண்டும் இருக்கிறது. சந்தையில் சொன்ன எடை சரியா தவறா என்று மறுநாள் காலையில் தராசு சொல்லிவிடும், வாரா வாரம், முப்பது வருஷமாக. அதே பாய் யாரோ சொன்னார்கள் என்று செல்போனில் ஷேர் வாங்கி நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டார். அங்கே தராசு கிடையாது.

ஆக, உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதே மாதிரி எத்தனை முறை பார்த்திருக்கிறேன்? ஒவ்வொரு முறையும் பலன் தெரிந்ததா? வாழ்க்கையில் முதல் மனை, முதல் வேலை மாற்றம், முதல் கடன் என்றால் பதில் பூஜ்யம். அப்போது மனசுக்குத் தோன்றுவது பெரும்பாலும் பிரியாணியின் வேலை.

எட்டாம் படி: ஒரு நோட்டு போடுங்கள்

அவசரத்தில் ஒன்றைச் செய்துவிட்டீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது, திரும்பி வர வழி இருக்கிறதா என்பதை. இன்சூரன்ஸ் பாலிசி என்றால் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் வரை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம், சிறு பிடித்தம் போகப் பணம் வரும். இதை விற்கும்போது பலர் சொல்வதில்லை. ஆகவே பத்திரம் வந்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள், கவரைப் பிரிக்காமல் பீரோவில் போடாதீர்கள்.

அப்புறம், ஒரு நாற்பது பக்க நோட்டு. எடுக்கிற பெரிய முடிவு ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும்: என்ன முடிவு, யார் அவசரப்படுத்தியது, எத்தனை மணி, அப்போது கையில் காசு இருந்ததா இல்லையா. கடைசி வரி எதற்கு என்று மருமகன் கேட்டான். நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அறுவடைக்கு முன்னால், கை வறண்டிருக்கும்போது, யோசனைச் சோதனைகளில் அவர்கள் எடுத்த மதிப்பெண் குறைவு. அறுவடைக்குப் பின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். காசு நெருக்கடியும் நேர நெருக்கடி மாதிரியே தலையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து வரும் மாதக் கடைசியில் நான் எந்தக் கடன் பேப்பரையும் தொடுவதில்லை.

என் நோட்டில் முதல் பக்கம் அந்த மனைதான், பிற்பாடு நினைவிலிருந்து எழுதியது. 'கார்னர் பிளாட். அவசரப்படுத்தியது விற்கிற பையன். ஞாயிறு, மாலை 5.10. காசு இருந்தது.' பக்கத்தில் பென்சிலில் 'நல்ல தலைவலி' என்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு எழுதியவற்றைப் புரட்டினால் வருத்தப்பட்ட முடிவுகளில் முக்கால்வாசி சாயங்காலம் ஐந்துக்கு மேல், வெயிலில் அலைந்துவிட்டு வந்து எடுத்தவை. இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு மேல் யாராவது பேப்பரை நீட்டினால், "காலையில வாங்க, காப்பி குடிச்சுக்கிட்டே பாப்போம்" என்று சொல்லிவிடுகிறேன். மருமகனின் நோட்டில் இதுவரை ஒரே ஒரு பக்கம்தான் நிரம்பியிருக்கிறது. அது ஒரு பைக். வாங்கவில்லை.